ஐப்பசி மழையும் தோட்டத்து நத்தையும்: பெங்களூர்க்காரர்கள் கொஞ்சம் வாங்க

காக்ஸ்டவுன் மல்லி:

பெங்களூரில் ஜூன் மழையைவிட செப்டம்பர், அக்டோபர் மழைதான் பெரியது. சாயங்காலம் இடியோடு கொட்டும், இரவெல்லாம் தூறும், காலையில் செம்மண் ஊறிக் கிடக்கும். வருடத்தில் நத்தை பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. நம் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். குளிர்நாடுகள் போல இலை சிவந்து உதிர்கிற காட்சியெல்லாம் இந்த மாதங்களில் இங்கே இல்லை. கூதிருக்கு இந்த ஊரில் ஒரு அழகு உண்டென்றால் அதில் பாதி நத்தைக்குச் சேர வேண்டும் என்பது என் கட்சி.

எங்களுடையது பழைய வீடு. கல் காம்பவுண்டு, ஓரமெல்லாம் பாசி, பின்பக்கம் ஃபெர்ன் தொட்டிகள். மழை விட்டதும் அங்கே ஒரு சின்ன நத்தை வரும். ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். தேன் நிறம், பளபளவென்று மெல்லிய ஓடு. அது ஜன்னல் கண்ணாடியில் ஏறும்போது வீட்டுக்குள்ளே இருந்து பார்க்க வேண்டும். அடிப்பாதத்தில் கரும்பட்டைகள் வால் பக்கம் கிளம்பித் தலைப் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். மேலே உடம்பு அலுங்காமல் நகரும். எனக்கு இது எத்தனை தடவை பார்த்தாலும் சலிப்பதில்லை.

பக்கத்து வீட்டம்மா "பசவன ஹுளு வந்துருக்கு, உப்பு போடு" என்கிறார் (கன்னடத்தில் நத்தைக்கு அதுதான் பெயர்). எனக்கு மனசு வரவில்லை. இது என்ன நத்தை? இங்கே வேறு யாராவது இவற்றைப் பார்த்து ரசிக்கிறீர்களா?

ராமமூர்த்திநகர் மாடித்தோட்டம்:

மல்லி மேடம், நீங்கள் ஃபெர்ன் வளர்க்கிறீர்கள், நான் கீரை வளர்க்கிறேன். அந்த வித்தியாசம் இருக்கிறது. போன வாரம் பாலக்கீரை நாற்று ஒரே இரவில் தண்டோடு போய்விட்டது. சாமந்தி மொட்டு, பப்பாளிக் கன்றின் பட்டை, எதையும் விடவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளங்கை நீளத்துக்கு ஒவ்வொன்றும் தொட்டியைக் கட்டிக்கொண்டு இருக்கிறது. நீங்கள் சொல்கிற அழகு எனக்குப் புரியத்தான் செய்கிறது, ஆனால் தோட்டம் போட்டவன் வயிற்றெரிச்சல் வேறு. நான் உப்புதான் போடுகிறேன்.

விலங்கியல் வாத்தியார்:

நீங்கள் இரண்டு பேரும் வேறு வேறு பிராணிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். முதலில் அதைப் பிரித்துக்கொள்வோம்.

மாடித்தோட்டம் சார் வீட்டில் மேய்வது ஆப்பிரிக்க ராட்சத நத்தை, லிஸ்ஸகாட்டினா ஃபூலிகா. சொந்த ஊர் கிழக்கு ஆப்பிரிக்கா. இந்தியாவுக்கு அது தானாக வரவில்லை. வில்லியம் பென்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி, நத்தை ஆராய்ச்சியில் பெரிய ஆள், 1847-ல் மொரீஷியஸிலிருந்து உயிரோடு கொண்டுவந்து கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விட்டார். அங்கே ஆரம்பித்தது இன்று நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. ஓடு கூம்பாக நீண்டிருக்கும், பழுப்பில் நெடுக்காகக் கீற்றுக்கீற்றாகக் கோடு. பொதுவாக 7 முதல் 10 சென்டிமீட்டர், சிலது 20 வரை போகும். ஒரு தடவைக்கு நூறு, இருநூறு முட்டை மண்ணுக்குள் இடும். ஒவ்வொன்றிலும் ஆண் உறுப்பும் உண்டு, பெண் உறுப்பும் உண்டு. ஒருமுறை சேர்ந்துவிட்டால் விந்தைப் பல மாதம் உள்ளேயே வைத்திருந்து முட்டையிட முடியும். அதனால் ஒன்றே ஒன்று தொட்டி மண்ணோடு வந்தாலும் போதும், தோட்டம் நிறைந்துவிடும். உலகின் மோசமான நூறு அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்ற பட்டியலில் இதுவும் இருக்கிறது.

மல்லி மேடம் சொல்வது இந்த மண்ணின் நத்தை. நிறத்தையும் பளபளப்பையும் பார்த்தால் மேக்ரோக்ளமிஸ் இண்டிகாவாக இருக்க வேண்டும். ஒரு சோதனை சொல்கிறேன். அது நகரும்போது ஓட்டின் விளிம்பிலிருந்து மெல்லிய தசை மடல் ஒன்று வெளியே வந்து ஓட்டைத் தடவிக்கொண்டே இருக்கிறதா? வாலின் நுனியில் சின்னக் கொம்பு போல ஒரு மேடு தெரிகிறதா? இரண்டும் இருந்தால் அந்தக் குடும்பம்தான். ஓடு அவ்வளவு பளபளப்பாக இருப்பதே அந்த மடல் தடவுவதால்தான்.

தென்னிந்தியத் தோட்டங்களில் இன்னொன்றும் சாதாரணம், கிரிப்டோசோனா பிஸ்ட்ரியாலிஸ். தட்டையான வெளிர் ஓட்டில் பழுப்புப் பட்டை சுற்றி ஓடும். காய்ந்த காலத்தில் சுவரிலும் மரத்திலும் ஒட்டித் தூங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் செடி தின்னும், பொய் சொல்ல வேண்டாம். ஆனால் ராட்சத நத்தை செய்கிற சேதத்தோடு ஒப்பிடவே முடியாது.

காக்ஸ்டவுன் மல்லி:

வாத்தியார் சார், மடல் இருக்கிறது! இதுநாள்வரை அதை உடம்பின் ஒரு மடிப்பு என்று நினைத்துக் கவனிக்காமல் இருந்தேன். நீங்கள் சொன்னபிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஓட்டின்மேல் ஊர்ந்து வருகிறது, தொட்டால் உடனே உள்ளே போய்விடுகிறது. வால்நுனி மேடும் தெரிந்தது. ரொம்ப நன்றி.

மாடித்தோட்டம் சார், உங்கள் வருத்தம் நியாயம். ஆனால் உப்பு வேண்டாமே. அது துடிப்பதைப் பார்க்க முடியவில்லை என்பது ஒன்று. தொட்டி மண்ணில் உப்பு ஏறினால் உங்கள் கீரைக்கே கேடு.

அல்சூர் அம்மா:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் பையன் ஐந்தாவது படிக்கிறான். ஏரிப்பக்கம், திருவள்ளுவர் சிலையைத் தாண்டி நடந்துவிட்டு வரும்போது ஒரு நத்தையைப் பிடித்துக்கொண்டு வந்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறான். பெரிய ரகம்தான் என்று இப்போது தெரிகிறது. ராத்திரி எழுந்து எழுந்து பார்க்கிறான், அவ்வளவு ஆசை. வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? நோய் ஏதாவது வருமா? என் மாமியார் தூக்கிப் போடச் சொல்கிறார்.

விலங்கியல் வாத்தியார்:

அம்மா, இதில் உங்கள் மாமியார் பக்கம்தான் நான். ராட்சத நத்தைக்குள் எலி நுரையீரல் புழு என்கிற ஒட்டுண்ணியின் குஞ்சுப்புழுக்கள் இருக்கலாம். எலிகளின் நுரையீரலில் வாழ்கிற புழு அது. எலிப்புழுக்கை வழியாக நத்தைக்குள் போகிறது. நத்தையைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றாலும், நத்தையைத் தொட்ட கையை வாயில் வைத்தாலும் மனிதனுக்கு வரலாம். வந்தால் மூளையின் உறையில் அழற்சி. கேரளத்தில் இப்படி நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். பயந்து நடுங்க வேண்டாம். தொட்ட கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினால் போதும். கீரையை ஓடும் தண்ணீரில் இலை இலையாக அலசுங்கள், வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

ஆனால் பையனின் ஆசையை அணைத்துவிடாதீர்கள். ராட்சத நத்தைக்குப் பதிலாக மல்லி மேடம் வீட்டு ரகம் ஒன்றைச் சில நாள் வைத்துப் பார்க்கட்டும், கை கழுவுகிற விதி அதற்கும் உண்டு. மூடியில் ஓட்டை போட்ட அகலமான டப்பா, அடியில் ஈர மண், இரண்டு காய்ந்த இலை, ஒரு வெள்ளரித் துண்டு. முக்கியமாக ஒரு முட்டை ஓட்டுத் துண்டு. ஓடு வளர்வதற்கு நத்தைக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். ராட்சத நத்தைகள் வெள்ளையடித்த காம்பவுண்டுச் சுவரைச் சுரண்டுவது எதற்கு என்கிறீர்கள்? சுண்ணாம்புக்குத்தான். முட்டையிலிருந்து வரும்போதே அவற்றுக்குச் சின்ன ஓடு உண்டு. அப்புறம் வாய் விளிம்பில் புதிதாகச் சேர்ந்து சேர்ந்து சுருள் நீள்கிறது. பிறந்தபோது இருந்த ஓடு உச்சி நுனியில் அப்படியே இருக்கும். அதைப் பையனிடம் காட்டுங்கள்.

ஓட்டின் வாய்க்குப் பக்கத்தில், உடம்பின் வலப்புறம் ஒரு துளை திறந்து மூடும். அதுதான் மூச்சுத்துளை, உள்ளே ஒரு நுரையீரல். இதையும் அவனே கண்டுபிடிக்கட்டும், முதலிலேயே சொல்லிவிடாதீர்கள்.

ஒயிட்ஃபீல்ட் திரும்பிவந்தவன்:

அருமையான இழை. நான் சில வருடம் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கம் இருந்தேன். அங்கே தோட்டத்து நத்தை என்றால் கார்னு ஆஸ்பெர்சம், பழுப்பு உருண்டை. அதன் இலையுதிர்காலம் வேறு மாதிரி. இங்கே ஐப்பசியில் நத்தை வெளியே வருகிறது என்றால் அங்கே அக்டோபரில் உள்ளே போக ஆரம்பிக்கிறது. கோடை வறட்சி முடிந்து ஈரம் வந்ததும் கொஞ்ச நாள் நன்றாக மேயும், மண்ணில் குழி தோண்டி முட்டையிடும், அப்புறம் செங்கல் சுவர் இடுக்கிலும் கவிழ்த்து வைத்த தொட்டிக்கு அடியிலும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வாயை மூடிக் குளிர்காலம் முழுக்கத் தூங்கும்.

அவற்றின் காதலும் விசித்திரம். சேர்வதற்கு முன்னால் ஒன்று மற்றொன்றின் உடம்பில் சுண்ணாம்பாலான ஒரு ஊசியைக் குத்தும். ஊசியோடு போகிற கோழை, குத்தியவரின் விந்து அழியாமல் இருக்க உதவுகிறது. எல்லாம் முடிய மணிக்கணக்காகும்.

இன்னொரு கதை. 2016-ல் லண்டனில் ஒரு உரக்குவியலில், ஓடு எதிர்ப்பக்கம் சுழன்ற தோட்டத்து நத்தை ஒன்று கிடைத்தது. ஜெரமி என்று பெயர் வைத்தார்கள். சுழற்சி மாறியதால் உறுப்புகளும் பக்கம் மாறி, சாதாரண நத்தைகளோடு சேர முடியாது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஆங்கஸ் டேவிசன் வானொலி வழியாகவும் இணையம் வழியாகவும் ஜோடி தேட, அதே போன்ற இரண்டு நத்தைகள் கிடைத்தன. அந்த இரண்டும் தங்களுக்குள் சேர்ந்துவிட்டன என்பது தனிக்கதை. கடைசியில் 2017 அக்டோபரில் இறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஜெரமியும் சேர்ந்தது. பிறந்த குஞ்சுகளுக்கெல்லாம் ஓடு வழக்கமான பக்கம்தான். இந்தப் பக்கம் மாறுவது பெரும்பாலும் பரம்பரையால் இல்லை, கரு வளரும்போது நேர்கிற தற்செயல் என்று அந்தக் குழு பிறகு எழுதியது. ஒரு தோட்டத்து நத்தைக்காக இத்தனை பேர் மெனக்கெட்டார்கள் என்பது எனக்கு இன்னும் சந்தோஷமான விஷயம்.

ராமமூர்த்திநகர் மாடித்தோட்டம்:

சரி, உப்பு போடுவதை விட்டுவிடுகிறேன். மாற்று என்ன? தொட்டியைச் சுற்றி முட்டை ஓடு நொறுக்கிப் போடு, செம்புப் பட்டை ஒட்டு என்று யூடியூபில் எல்லோரும் சொல்கிறார்கள்.

ஒயிட்ஃபீல்ட் திரும்பிவந்தவன்:

அண்ணா, அது பலிக்காது. பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2018-ல் லெட்டூஸ் செடிகளைச் சுற்றி முட்டை ஓடு, செம்புப் பட்டை, சரளைக்கல், மரப்பட்டை, கம்பளி உருண்டை எல்லாம் போட்டுச் சோதித்தது. எதுவும் போடாத செடிக்கும் இவற்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. நத்தை கோழையை விரித்து அதன்மேல் போகிறது, கூரான விளிம்பெல்லாம் அதற்கு ஒரு பொருட்டில்லை. அதே சங்கம் 2022-ல் நத்தைகளையும் ஓடில்லா நத்தைகளையும் இனிமேல் பூச்சித் தொல்லைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று அறிவித்தது.

தூக்கிப் பக்கத்து மனையில் போடுவதும் உதவாது. 2010-ல் பிபிசி ரேடியோ 4 சாதாரண மக்களுக்காக நடத்திய அறிவியல் போட்டியில் ரூத் புரூக்ஸ் என்ற தோட்டக்கார அம்மா, நத்தை ஓட்டில் நகப்பூச்சு வைத்து அடையாளம் செய்து, பத்து மீட்டருக்கு மேல் தள்ளி விட்டாலும் திரும்பி வருகின்றன என்று காட்டிப் பரிசு வாங்கினார்.

விலங்கியல் வாத்தியார்:

அந்த அறிவிப்பை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே அது சொந்த மண்ணின் உயிர். இங்கே ராட்சத நத்தை வந்தேறி, அதைக் குறைத்தே ஆக வேண்டும்.

மாடித்தோட்டம் சார், கேரளத்தில் விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வழி நம் ஊருக்கும் பொருந்தும். கோணிப்பையை நனைத்து, உள்ளே பப்பாளி இலையோ முட்டைகோஸ் இலையோ போட்டுச் சாயங்காலம் செடிகளுக்கு நடுவே வையுங்கள். இரவில் அங்கே கூடிவிடும். காலையில் வெயில் ஏறுமுன் கையுறை போட்டுக்கொண்டு பொறுக்கி எடுங்கள். அழிப்பதைச் செடிப்பக்கம் செய்யாமல், தனி வாளியில் கெட்டியான உப்புக்கரைசலில் ஒரேயடியாக முக்கி முடியுங்கள், அப்புறம் ஆழமாகப் புதையுங்கள். தொட்டி மண்ணைக் கிளறினால் வெளிர்மஞ்சளாக, மிளகைவிடச் சற்றுப் பெரிதாக முட்டைக் கொத்து கிடைக்கும். அதை எடுப்பதுதான் பெரிய வேலை. மெட்டால்டிஹைடு என்கிற நத்தை விஷக் குருணையை வாங்காதீர்கள், நாய் தின்றால் உயிருக்கே ஆபத்து. மாலையில் தண்ணீர் ஊற்றுவதைக் காலைக்கு மாற்றினாலே இரவு மேய்ச்சல் குறையும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராட்சத நத்தையை ஒழிக்கிறேன் என்று பசிபிக் தீவுகளில் யூக்ளாண்டினா என்ற வேட்டை நத்தையைக் கொண்டுபோய் விட்டார்கள். 1977-ல் மூரியா தீவில் விட்டார்கள். அது பெரியதை விட்டுவிட்டு, அந்தத் தீவுகளுக்கே உரிய பார்ட்டுலா என்ற சின்ன நத்தைகளைத் தின்று தீர்த்தது. பல இனங்கள் அடியோடு போயின. மிருகக்காட்சிச் சாலைகளில் காப்பாற்றி வைத்திருந்தவற்றைத்தான் 2015-க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டில் திரும்ப விடுகிறார்கள். எது எந்த நத்தை என்று பார்க்காமல் கை வைத்தால் இதுதான் நடக்கும். தோட்டத்திலும் அப்படியே. விஷம் போட்டால் முதலில் போவது மல்லி மேடத்தின் தேன்நிற நத்தைதான்.

எலக்ட்ரானிக் சிட்டி தஞ்சாவூர்க்காரன்:

எங்கள் ஊரில் நத்தை பிடித்துக் குழம்பு வைப்பார்கள், மூலத்துக்கு நல்லது என்பார்கள். இந்தப் பெரிய நத்தையைச் சமைத்துத் தின்றே தீர்த்துவிடலாமே?

விலங்கியல் வாத்தியார்:

உங்கள் ஊர்க்காரர்கள் பிடிப்பது வயல் நத்தை, தண்ணீரில் வாழ்வது, வாய்க்கு ஒரு கெட்டியான மூடி உண்டு. தோட்டத்து நத்தைக்கு அந்த மூடி கிடையாது. வறட்சியில் மட்டும் கோழையால் ஒரு தற்காலிகச் சவ்வு போட்டுக்கொள்ளும். சாக்கடை ஓரத்தில் மேய்ந்த ராட்சத நத்தையை அடுப்படிக்குக் கொண்டுவர வேண்டாம். புழு விஷயம் மேலே சொல்லியிருக்கிறேன்.

மல்லேஸ்வரம் தமிழாசிரியை:

ஒரு சந்தேகம். தொல்காப்பியம் மரபியலில் "நந்தும் முரளும் ஈரறிவினவே" என்று வருகிறது. தொடுவதும் சுவைப்பதுமாக நத்தைக்கு இரண்டு அறிவு என்று கணக்கு. அறிவியல் என்ன சொல்கிறது? இதைப் பாடம் நடத்தும்போது பிள்ளைகள் "கொம்பு நுனியில் கண் இருக்கே மிஸ்" என்று கேட்கிறார்கள்.

விலங்கியல் வாத்தியார்:

பிள்ளைகள் சொல்வது சரி. மேல்கொம்பு இரண்டின் நுனியிலும் கண் உண்டு. உருவம் பிரித்துப் பார்க்கிற கண் அல்ல, வெளிச்சமும் இருட்டும் அறிகிற அளவு. மோப்பமும் உண்டு, அதுதான் அதற்கு முதன்மை. கொம்புகளால் காற்றிலும் தரையிலும் மணம் பிடித்துத்தான் உணவையும் துணையையும் தேடுகிறது. கொம்பு அறுந்தால் மறுபடி வளரும். காது மட்டும் கிடையாது. ஆனால் பழைய கணக்கை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். உயிர்களை அறிவை வைத்து வரிசைப்படுத்த வேண்டும், அதில் நத்தைக்கும் ஓரிடம் வேண்டும் என்று யோசித்தது எவ்வளவு பெரிய விஷயம். வகுப்பில் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

காக்ஸ்டவுன் மல்லி:

டீச்சர், அருமையான கேள்வி. எங்கள் கொல்லையில் செம்போத்து வந்து நத்தையைக் கொத்திக்கொண்டு போவதைப் பார்க்கிறேன். அதற்கும் தீனி இதுதானே.

விலங்கியல் வாத்தியார்:

ஆமாம், செம்போத்துக்கு நத்தை பிடித்தமான இரை. மின்மினிப் பூச்சியின் புழுவும் நத்தையைத்தான் வேட்டையாடும். கடித்து மயக்கி, கரைத்து உறிஞ்சும். தோட்டத்தில் மின்மினி வேண்டுமென்றால் நத்தையும் ஈரமும் காய்ந்த இலைக்குப்பையும் வேண்டும்.

அல்சூர் அம்மா:

பெரியதை வாத்தியார் சார் சொன்னபடியே அப்புறப்படுத்தியாயிற்று. பையனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இப்போது தொட்டியடியில் சின்னதாக ஒன்று பிடித்திருக்கிறான். இது நாட்டு ரகமா, பெரியதன் குஞ்சா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விலங்கியல் வாத்தியார்:

அளவை வைத்துப் பார்க்காதீர்கள், வடிவத்தை வைத்துப் பாருங்கள். ராட்சத நத்தையின் குஞ்சுக்கும் ஓடு உயரமாக, கூம்பாகத்தான் இருக்கும். அகலத்தைவிட உயரம் அதிகமென்றால் அது குஞ்சு. மேலிருந்து அமுக்கினாற்போல் தட்டையாக, உயரத்தைவிட அகலம் அதிகமாக, சுருள் வட்டமாகத் தெரிந்தால் நம்முடையது. ரொம்பப் பொடிசாக இருந்தால் குழப்பும். அப்போது வால்நுனியைப் பார்த்துவிடுங்கள், மேடு இருந்தால் கவலையில்லை.

ராமமூர்த்திநகர் மாடித்தோட்டம்:

நேற்றிரவு கோணி வைத்தேன். காலையில் பெரியது ஒரு வாளி. கூடவே தட்டையாக, பட்டை போட்டது இரண்டு இருந்தது, அவற்றைப் பப்பாளி அடியில் விட்டுவிட்டேன். மல்லி மேடம், உங்களுக்குப் படம் அனுப்புகிறேன். அம்மா, பையனைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் சாயங்காலம் எங்கள் மாடிக்கு வாருங்கள், இரண்டு ரகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

அல்சூர் அம்மா:

கட்டாயம் வருகிறோம் அண்ணா. சனிக்கிழமை மழை விட்டதும் கிளம்புகிறோம். பையன் இப்போதே லென்ஸ் வேண்டும் என்கிறான்.